ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் இல்லாத மூட்டை

அத்தியாயம் 4

"இந்தப் பொண்ணுதான் எடுத்தது. நீங்க கண்டுபிடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, மிஸ்டர் குலசேகரம். சும்மா பார்த்துட்டு ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுங்க, போதும்" என்றார் மேனேஜர் தியாகராஜா.

எனக்கு வந்ததே ஆத்திரம்! துப்பறிகிற ஆளைக் கூப்பிட்டு, விடையையும் தட்டில் வைத்து நீட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குலசேகரம் அண்ணனோ ஒன்றும் கேட்காதவர் போல உட்கார்ந்து, அவர்கள் வாங்கி வைத்திருந்த கறிபாப் பலகாரத்தில் மூன்றாவதைக் கடித்துக்கொண்டிருந்தார்.

நான் ரொஸ்னா. பினாங்கு ஸ்ட்ரீட்டில் துணிக்கடை மாடியில் இருக்கும் அண்ணனுடைய துப்பறியும் ஆபீசில் டைப் அடிப்பது, டெலிபோன் எடுப்பது, அவர் எங்கேயாவது வைத்துவிட்டு வரும் மூக்குக்கண்ணாடியைத் தேடுவது எல்லாம் நான்தான். துப்பறிவது மட்டும் அவர். அதிலும் பாதி நான்தான் என்று சொன்னால் சிரிப்பார்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு மூன்றாவது மாடி. கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்தே தாடி நரைத்த ஷேக் அலாவுதீன் ஹாஜி, 1988-இல் தொடங்கிய கம்ப்யூட்டர் கம்பெனி அது. கிட்டங்கியில் எந்த மூட்டை எங்கே கிடக்கிறது என்று சொல்லும் ஒரு புரோகிராமை நான்கு வருடம் பாடுபட்டுச் செய்திருந்தார்கள். பெயர் 'குடாங்', மலாய் மொழியில் கிட்டங்கி. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் தடிப் புத்தகம் அடுத்த மாதம் வெளிவர வேண்டியது. அதற்குள் பட்டர்வொர்த்தில் இருக்கும் தெலுக் டேட்டா என்ற போட்டிக் கம்பெனி, இதே மாதிரி ஒரு புரோகிராமைச் செய்து, இந்தப் புத்தகத்தையே வரிக்கு வரி அடித்து, பெயரை மட்டும் மாற்றி, கொம்தாரில் நடந்த கம்ப்யூட்டர் சந்தையில் கடை விரித்துவிட்டது.

புத்தகத்தை எழுதியவள் கனகேஸ்வரி. இருபத்தெட்டு வயது இருக்கும். மூலை நாற்காலியில் கண் வீங்கி, ஆனால் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"புத்தகம் இருக்கற டிஸ்க்கை வச்சிருக்கற அலமாரிக்கு மூணு சாவி" என்று விரல் விட்டு எண்ணினார் தியாகராஜா. "ஒண்ணு இவகிட்ட. ஒண்ணு புரோகிராமர் முகம்மது சுல்தான்கிட்ட. இன்னொண்ணு என்கிட்ட. சுல்தான் ஈயைக்கூட அடிக்க மாட்டான். எனக்கு இந்தப் புள்ளி வரியெல்லாம் ஒண்ணுமே புரியாது, நான் மேனேஜ்மெண்ட்லா. அப்ப வேற யாரு? கம்ப்யூட்டர் பக்கம் வர்றதுக்கு முன்ன பதினாலு வருஷம் வாத்தியாரா இருந்தவன் சார் நான். திருட்டு முழி எதுன்னு எனக்குத் தெரியாதா?"

ஹாஜி தாடியைத் தடவினார். "போலீஸ் ரிப்போர்ட் எழுதி ரெடியா இருக்கு, குலசேகரம். எனக்கு மனசு ஒப்பல, அதனாலதான் உங்களக் கூப்பிட்டேன். ஆனா நாளைக்கு, நாளான்னைக்குன்னு இழுக்க முடியாது. நாலரைக்கு நான் அசர் தொழக் கிளம்பறதுக்குள்ள வேற பேர் சொல்லணும். இல்லன்னா கையெழுத்துப் போட்டுடுவேன்."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றேகால்.

கனகேஸ்வரியின் அறைக்குப் போனோம். கதவைச் சாத்தியதும் அவளுக்குப் பொல பொலவென்று கொட்டியது.

"போலீஸ்னு ஒரு தடவ பேர் அடிபட்டா, பாயான் லெப்பாஸ்ல ஒரு கம்பெனி வாசல்லகூட என்னை நிக்க விட மாட்டாங்க சார். அதுகூடப் பரவால்ல. நேத்து அப்பாகிட்ட சொன்னேன். ஒரு வார்த்தை பேசல. அப்படியே எந்திரிச்சு உள்ள போயிட்டாரு. அவரும் என்னைத் திருடின்னு நம்பிட்டாரோன்னு நினைச்சா எனக்குத் தாங்கல."

நான் கைக்குட்டையை நீட்டினேன். அண்ணன் அழுகைக்கு இடம் கொடுக்காமல் வேலையைப் பற்றிக் கேட்டார். அது அவருக்குத் தெரிந்த ஒரே ஆறுதல்.

"அந்த மேனேஜர் சொன்னாரே, புள்ளி வரி. அது என்னம்மா?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள். வேலை என்றதும் முகமே வேறாகிவிட்டது.

"கம்ப்யூட்டர்ல எழுதறப்ப, ஒரு வரி புள்ளியில ஆரம்பிச்சா அது படிக்கறவங்களுக்கு இல்ல, மெஷினுக்கு. புள்ளி வச்சு 'தலைப்பு'ன்னு போட்டா பெரிய எழுத்துல அடிக்கும். புள்ளி வச்சு 'இண்டெக்ஸ்', பக்கத்துல 'சாவி'ன்னு போட்டா, அந்த இடம் எந்தப் பக்கத்துல விழுதுன்னு மெஷினே பார்த்து, புத்தகக் கடைசியில இண்டெக்ஸ்ல 'சாவி'க்கு நேரா அந்த நம்பரைப் போட்டுடும். புள்ளி வரி பேப்பர்ல தெரியாது. ஆனா ஒண்ணு, புள்ளி இடது ஓரத்தை ஒட்டி நிக்கணும். ஒரு இடம் தள்ளிப் போனாலும் மெஷினுக்கு அது வெறும் எழுத்துதான், அப்படியே பேப்பர்ல அடிச்சு வச்சிடும்."

"அப்ப யாராவது அச்சடிச்ச தாளைப் பார்த்து, உட்கார்ந்து முழுசா டைப் அடிச்சிருக்கலாமே?" என்றார் அண்ணன்.

நல்ல கேள்வி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சந்தேகம் அச்சாபீஸ், பைண்டர், தபால்காரர் என்று பாதி பினாங்கு மேல் போயிருக்கும். இவள் யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"இல்ல சார், நடந்திருக்காது. எங்களது பெரிய தாள், அவங்களது சின்னத் தாள். பக்கமெல்லாம் மாறிப் போச்சு. ஆனா நான் பார்த்த நாலஞ்சு இடத்துல, அவங்க இண்டெக்ஸ் அவங்க பக்கத்துக்குச் சரியா இருக்கு. மெஷின்தான் புதுசா எண்ணிப் போட்டிருக்கு. அப்படின்னா புள்ளி வரியோட டிஸ்க்கேதான் போயிருக்கு."

மேசைக்கடியில் அவள் காலை மிதிக்கலாமா என்று பார்த்தேன். எட்டவில்லை. "ஏன் தங்கச்சி, போலீஸ் ஸ்டேஷனுக்கு நீயே கெரெத்தா பிடிச்சுப் போயிடுவ போல இருக்கே!"

"உண்மை அதுதானே அக்கா."

அண்ணன் எழுந்துவிட்டார். "ரொஸ்னா, ரெண்டு புத்தகத்தையும் எடு. எனக்குப் பசிக்குது."

மூன்று கறிபாப் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

சீனி முகம்மதுவின் நாசி கண்டார் கடையில் மூலை மேசையைப் பிடித்தோம். அண்ணன் ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே, இன்னொரு கையால் தெலுக் டேட்டாவின் புத்தகத்தைக் கடைசிப் பக்கங்களுக்குப் புரட்டினார்.

"நான் இண்டெக்ஸைப் படிக்கறேன். நீ பக்கத்தைத் திறந்து, சொன்னது அங்க இருக்கான்னு பாரு."

"எதைத் தேடறோம் அண்ணே?"

"தெரியல. கிடைச்சா தெரியும்."

"இந்த ஊர்ல டெலிபோன் டைரக்டரி மாதிரி ஒண்ணைப் படிச்சுகிட்டே சாப்பிடற கூட்டம் நாம மட்டும்தான்" என்றேன். பக்கத்து மேசைக்காரர் ஏற்கெனவே எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் விஷயம் பத்து நிமிடத்தில் தெரிந்தது. கனகேஸ்வரியின் இண்டெக்ஸில் நூற்றுப் பதினெட்டு சொற்கள். தெலுக் டேட்டாவில் நூற்று நாற்பது. எடுத்தவன் எடுத்ததோடு நிற்காமல் இருபத்திரண்டைக் கூடச் சேர்த்திருக்கிறான். அந்த இருபத்திரண்டுக்கும் நான் பென்சிலால் கோடு போட்டேன்.

"இது என்ன கூத்து?" என்று அண்ணன் நிறுத்தினார். ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததைத் தமிழில் சொன்னார். "அழுகிற மூட்டை. பக்கம் ஐம்பத்தெட்டு."

"மூட்டை எதுக்கு அழணும்? அதுக்கென்ன மாமியாரா இருக்கு?"

ஐம்பத்தெட்டைத் திறந்தேன். பிரிண்டருக்கு ரிப்பன் மாற்றுவது எப்படி என்று இருந்தது. அழுகிறது, சிரிக்கிறது எந்த மூட்டையும் இல்லை. முந்தின பக்கத்தைத் திருப்பினேன். ஐம்பத்தேழில் கடைசிப் பத்தி, மழையில் நனைந்து தண்ணீர் சொட்டும் மூட்டையைத் தனியாக எப்படிப் பதிவது என்பது பற்றி. ஆனால் அந்தப் பத்தியில் அழுகை என்ற வார்த்தையே கிடையாது.

அண்ணன் கையைக் கழுவிவிட்டு, கல்லாப் பக்கத்திலிருந்த டெலிபோனில் ஹாஜியைக் கூப்பிட்டார். திரும்பி வந்தபோது மீசை மேலே ஏறியிருந்தது.

"நனைஞ்ச மூட்டையை அழுகிற மூட்டைன்னு சொல்றது ஹாஜியோட கிட்டங்கி ஆளுங்க வழக்கமாம். கிட்டங்கியையும் ஆபீசையும் தாண்டி வேற யாருக்கும் அந்தப் பேர் தெரியாது. வாங்கற கஸ்டமருக்குப் புரியாதுன்னு சொல்லி கனகேஸ்வரி அதைப் புத்தகத்துல சேர்க்கவே இல்லையாம்."

"அப்ப சேர்த்தது தெலுக் டேட்டா ஆளு இல்ல. அந்த மூணாவது மாடியில இருக்கற ஆளு."

"மிச்சத்தைப் பாரு."

பார்த்தோம். டீ இரண்டு தடவை வந்து ஆறிப்போனது. கனகேஸ்வரியின் நூற்றுப் பதினெட்டும் எண் பிசகாமல் சரியாக இருந்தன. புதிதாகச் சேர்த்த இருபத்திரண்டில் ஏழு மட்டும் ஒரு பக்கம் தள்ளிப் போயிருந்தன. அந்த ஏழு பத்திகளும் பக்கத்தின் அடியில் முடிகிற பத்திகள்.

"மெஷின் தப்பா எண்ணுமா அண்ணே?"

"மெஷின் சரியாத்தான் எண்ணுது. பாலிக் புலாவுக்குத் திரும்பற போர்டை எங்க வைப்பாங்க?"

"திரும்பறதுக்கு முன்ன. அப்புறம் வச்சா யாருக்கு லாபம்?"

"கனகேஸ்வரி அப்படித்தான் பத்திக்கு முன்ன புள்ளி வரி வைக்கிறா. இந்த ஆளு பத்தியை முழுசாப் படிச்சு முடிச்சுட்டு, அதுக்குக் கீழ வைக்கிறான். பத்தி நடுப் பக்கத்துல இருந்தா வித்தியாசம் தெரியாது. அடியில முடிஞ்சா புள்ளி வரி அடுத்த பக்கத்துல போய் விழுந்துடும். அவனுக்கே தெரியாம அவன் பழக்கம் இந்த ஏழு இடத்துல மாட்டிக்கிச்சு." அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "வா, ஆபீசுக்குப் போய் நீ ஒரு தாள் டைப் அடிக்கணும். அதுல ஒரு தப்பு வேணும்."

"தப்புன்னா எனக்குத் தனியாச் சொல்லவே வேணாம்" என்றேன்.

மூன்றே முக்காலுக்கு எல்லோரும் ஹாஜியின் அறையில் கூடினோம். முகம்மது சுல்தான் கதவோரம் வியர்த்துக்கொண்டு நின்றான். தியாகராஜா கால்மேல் கால் போட்டிருந்தார்.

அண்ணன் பொய் சொல்லும்போது குரலில் தேன் வடியும். இப்போது வடிந்தது. "தெலுக் டேட்டாவுல ஒருத்தரு எனக்குக் கொஞ்சம் உதவி செஞ்சிருக்காரு. அந்த டிஸ்க் போன உறை மேல கையால எழுதியிருக்கு. அதனால உங்க மூணு பேரோட எழுத்தும் வேணும். ரொஸ்னா ஆளுக்கு ஒரு தாள் கொடுப்பாங்க. மேல மாதிரிக்கு ஒரு புள்ளி வரி இருக்கு. கீழ நனைஞ்ச மூட்டை பத்தி ஒரு பத்தி இருக்கு. அந்தப் பத்திக்கு இண்டெக்ஸ் புள்ளி வரி எங்க வரணுமோ, அங்க கையால எழுதிக் கொடுங்க."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுன்னு சொன்னேனே" என்றார் தியாகராஜா.

"மாதிரியைப் பார்த்து எழுதுங்க சார். எழுத்துதான் வேணும்."

மாதிரிப் புள்ளி வரியை ஓரத்தில் ஒட்டாமல் இரண்டு இடம் தள்ளி அடித்திருந்தேன். அதுதான் அண்ணன் கேட்ட தப்பு.

கனகேஸ்வரி தாளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்து, மாதிரியை ஓரத்துக்கு இழுத்து ஒரு கோடு போட்டுவிட்டு, பத்திக்கு மேலே எழுதினாள். சுல்தானும் அதையேதான் செய்தான், எழுத்து மட்டும் தண்ணீர்மலை படி ஏறி வந்தவனுடையது போல நடுங்கியது. தியாகராஜா பேனாவை இடது பக்கம் சாய்த்துப் பிடித்து, தன் எழுத்து தெரியாமல் இருக்க ஒவ்வோர் எழுத்தாக வரைந்தார். அவர் கவனமெல்லாம் எழுத்தை மாற்றுவதில்தான் இருந்தது.

அண்ணன் மூன்று தாளையும் வாங்கி மேசையில் பரப்பினார். எழுத்தை அவர் பார்க்கவே இல்லை.

"தியாகராஜா சார், புள்ளி வரி தெரியாதுன்னீங்க, ஆனா மாதிரிப் புள்ளி வரியை அம்புக்குறி போட்டு ஓரத்துக்கு இழுத்திருக்கீங்களே?"

"கோணலா இருந்துச்சு. நேர் பண்ணினேன். வாத்தியார் கை, சும்மா இருக்காது."

"சரியாச் சொன்னீங்க. சும்மா இருக்காது. இவங்க ரெண்டு பேரும் பத்திக்கு முன்ன எழுதியிருக்காங்க. நீங்க மட்டும் பத்தி முடிஞ்ச பிறகு எழுதியிருக்கீங்க. பதினாலு வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தின கை. முழுப் பதிலையும் படிச்சு முடிச்சு, கீழதான் பேனா வைக்கும்." தெலுக் டேட்டாவின் புத்தகத்தைத் திறந்து ஹாஜியின் முன் வைத்தார். ஏழு பக்கங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைசியாக அழுகிற மூட்டையை.

ஹாஜி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐம்பத்தேழையும் ஐம்பத்தெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். தியாகராஜா சிரித்துவிட்டார்.

"இது ஒரு ஆதாரமா முதலாளி? தெரியாதவன் கீழயும் எழுதுவான், மேலயும் எழுதுவான். இதை வச்சு என்னைத் திருடன்னு சொன்னா கோர்ட்ல சிரிப்பாங்க."

மணி நாலேகால். உண்மையைச் சொன்னால், அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஹாஜியின் கை போலீஸ் ரிப்போர்ட் இருந்த ஃபைல் பக்கம் போகவும் இல்லை, அதை விட்டு விலகவும் இல்லை. கனகேஸ்வரியைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து நான் பேசியதைத் திட்டம் போட்டுப் பேசினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். இல்லை. சுத்தமான எரிச்சல்.

"விடுங்க அண்ணே, சார் சொல்றது சரிதான்! இவ்வளவு படிச்ச மனுஷன் இந்தக் குப்பையைச் செஞ்சிருப்பாரா? இருபத்திரண்டு சேர்த்து அதுல ஏழு தப்பு! கடைசி பெஞ்சுல உட்கார்ந்து ஃபெயிலாகற ஆளு, அரைமணி நேரத்துல கிறுக்கித் தள்ளின வேலை இது."

"அரைமணி நேரமா?" தியாகராஜா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "மூணு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்தேன்! இவ விட்டதையெல்லாம் ஒவ்வொண்ணாத் தேடித் தேடி..."

பேச்சு அங்கேயே நின்றது. வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.

ஹாஜி மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். "மூணு ஞாயித்துக்கிழமை. யாரு வீட்டு மெஷின்ல உட்கார்ந்தீங்க, தம்பி?"

தியாகராஜா பொத்தென்று உட்கார்ந்தார். தெலுக் டேட்டா அவருக்கு டைரக்டர் நாற்காலி தருவதாகச் சொன்னது, டிஸ்க்கைக் கொண்டுபோனது, பிடிபட்டால் யார் தலையில் கட்டுவது என்று முன்பே யோசித்து வைத்தது எல்லாம் இரண்டே நிமிடத்தில் வந்துவிட்டது. சுல்தான் முதல் தடவையாக மூச்சு விட்டான்.

கனகேஸ்வரி எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"ரெண்டு வருஷம் சார். இருநூறு பக்கம், ஒவ்வொரு வரியும் நான் எழுதினது. திருடினதும் திருடினீங்க, என் இண்டெக்ஸையும் கெடுத்தீங்க, பழியையும் என் தலையில போட்டீங்க. எப்படி சார் மனசு வந்துச்சு உங்களுக்கு? தினம் காலையில எனக்கு குட் மார்னிங் சொன்னீங்களே!"

தியாகராஜா அலமாரிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். ஹாஜி ஃபைலில் இருந்த கனகேஸ்வரியின் பெயரைத் தன் கையாலேயே கோடு போட்டு அடித்தார். பிறகு கனகேஸ்வரி பக்கம் திரும்பினார். எனக்குத் தெரிந்து அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகியவர் இல்லை. வார்த்தை சிக்கிச் சிக்கித்தான் வந்தது.

"தப்பு என் மேலயும் இருக்கும்மா. உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். மன்னிச்சுக்க. உனக்கு என்ன வேணும், சொல்லு."

"டெலிபோன் வேணும் முதலாளி" என்றாள்.

புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் அவள் வீட்டு எண்ணைச் சுழற்றினாள். நாங்கள் நாகரிகமாக வெளியே போக எழுந்தோம். ஆனால் அந்தப் பக்கம் எடுத்த அவள் அப்பா விநாசித்தம்பிக்கு இருந்த குரலுக்கு, டெலிபோனே தேவையில்லை. அறை முழுக்கக் கேட்டது. அவளுடைய தமிழும் வீட்டில் பேசும் யாழ்ப்பாணத் தமிழாக மாறிவிட்டது.

"அப்பா, நான்தான். நான் எடுக்கேல்லை எண்டு இஞ்ச எல்லாருக்கும் தெரிஞ்சிட்டுது."

"அது எனக்கு நேற்றே தெரியும், பிள்ளை."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "பிறகு ஏன் அப்பா ஒண்டும் பேசாமல் எழும்பிப் போனனீங்கள்?"

"எனக்கு வந்த கோவத்துக்கு வாயைத் திறந்திருந்தால், உடனே ஃபோனை எடுத்து உன்ரை முதலாளியைக் கிழிகிழியெண்டு கிழிச்சிருப்பன். உன்ரை வேலை போயிடும் எண்டுதான் அடக்கிக்கொண்டு உள்ளுக்குப் போனனான்."

எனக்கும் கண் நிறைந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

ஹாஜி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். கையை நீட்டினார்.

"அந்த ஃபோனை இப்படிக் கொடும்மா. அவரு அடக்கி வச்சதைச் சொல்லட்டும்."

அவள் பதறிப்போய் மறுத்தாள். அவர் விடவில்லை. வாங்கிக் காதில் வைத்து, "நான்தாங்க, முதலாளி ஷேக் அலாவுதீன்" என்றார். அதற்குப் பிறகு பத்து நிமிடம், நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, "ஆமாங்க, தப்புதாங்க" என்பதைத் தவிர அவர் வேறெதுவும் பேசவில்லை.